கேலிக் டீச்சரைத் தேடி அல் கோருக்கு

தோஹா விமான நிலையத்தில் என் அட்டைப்பெட்டியைப் பிரித்த சுங்க அதிகாரி ஏமாந்துதான் போனார். கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய பெட்டி. உள்ளே கருவாடோ மாத்திரையோ இருக்கும் என்று நினைத்திருப்பார். இருந்ததெல்லாம் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமான தமிழ்ப் பாடநூல்கள். ஒன்றை எடுத்துப் புரட்டினார், பக்கத்து மேசைக்காரரிடம் காட்டி அரபியில் ஏதோ சொன்னார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற மலையாளி நர்ஸிடம் என்னவென்று கேட்டேன். "எழுத்து நல்லா இருக்குன்னு சொல்றாரு சேச்சி" என்றாள். அந்த எழுத்தை நானே உட்கார்ந்து கண்டுபிடித்தது போல எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் சென்னையில் அரசுப் பாடநூல் அலுவலகம் ஒன்றில் பிரிவு அலுவலர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிப்பது பற்றித் தோஹாவில் இரண்டு நாள் கூட்டம். அழைப்பு வந்தது என் மேலதிகாரிக்கு. அதே வாரம் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்துவிட்டதால் விமானம் ஏறியது நான். பாடநூல் பெட்டி மட்டும் எனக்கே எனக்கான வேலை. வடக்கே அல் கோர் என்ற கடலோர ஊரில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தமிழ் வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் கூடிவிட்டார்கள், புத்தகம் காணவில்லை என்று ஆறு மாதமாக மின்னஞ்சல் போட்டபடி இருந்தார்கள். கோப்பு நகரும் வேகம் எனக்குத் தெரியும் என்பதால் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் நாள், புதன்கிழமை. ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் முன்னால் ஒரு குட்டிக் கொடியும் ஒரு தண்ணீர் பாட்டிலும். நான் பேசும்போது கொஞ்சம் அலட்டிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விலையில்லாப் புத்தகம், அது போய்ச் சேரும் நாடுகள், தேர்வு, சான்றிதழ் என்று அடுக்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். உட்கார்ந்த பிறகும் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

எனக்கு அடுத்துப் பேசியவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த கட்ரீனா. நாற்பது வயதிருக்கும். நரை எட்டிப்பார்க்கும் குட்டை முடி, நடப்பதற்கென்றே செய்த செருப்பு. அவர் மொழி கேலிக். அவர் வாயில் அது 'காலிக்' என்று வருகிறது. நம் பத்திரிகைகள் எழுதுகிறபடி நானும் கேலிக் என்றே எழுதுகிறேன். திரையில் ஒரு சாலைப் பலகையைக் காட்டினார். மேலே கேலிக், கீழே ஆங்கிலம். அப்புறம் காவல்துறை வண்டி, ஆம்புலன்ஸ், அவற்றிலும் கேலிக். அதற்கென்று ஒரு தொலைக்காட்சி, கட்ரீனாவே வேலை பார்க்கும் ஒரு வாரியம், கேலிக்கிலேயே பாடம் நடத்தும் பள்ளிகள், அதை அதிகாரபூர்வ மொழியாக்கும் சட்டம். இத்தனைக்கும் அதைப் பேசுகிறவர்களை எல்லாம் திரட்டினாலும் நம் பக்கத்து நடுத்தர நகராட்சி ஒன்றை நிரப்பக் காணாது.

எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு நகராட்சி அளவு ஆட்களுக்கு ஒரு தொலைக்காட்சி! எங்கள் அலுவலகத்தில் ஒரு பீரோ வாங்க நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

மதியம் பெரிய தாம்பாளத்தில் மஜ்பூஸ் வந்தது. பிரியாணியின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். காரம் குறைவு, காய்ந்த எலுமிச்சையின் புளிப்பு உண்டு, ஆட்டுக்கறி கை வைத்தால் எலும்பை விட்டு வந்துவிடும். கட்ரீனா தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆட்களை எப்படிப் பேச வைக்கிறீர்கள்?"

"எதை?"

"தமிழை. ஆட்கள் அதைப் பேச அரசு என்ன செய்கிறது?"

முப்பது வருடச் சேவையில் இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. சும்மா இருந்தால் போதும், அவர்களே பேசுவார்கள் என்று சொன்னேன். கட்ரீனா வெகு நேரம் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் முகம் வாடிப் போயிற்று.

அன்று சாயங்காலம் தோஹாவில் இருக்கும் என் சித்தி மகள் வீட்டில் சாப்பாடு. ஊர்ப் பெருங்காயம் போட்ட சொதி, உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். அவளுக்கு இரண்டு பெண்கள். "பெரியம்மா வந்திருக்கேன்ல, என்ன படிக்கீங்க, சொல்லுங்க" என்றேன். இரண்டும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு ஆங்கிலத்திலேயே அம்மாவிடம் அப்பளம் கேட்டன. அந்த மேசையில் தமிழ் தெரியாத ஒரு ஆள் கிடையாது. மதியம் கட்ரீனாவிடம் அடித்த பெருமை தொண்டையில் சிக்கியது. சொதியை ஊற்றி விழுங்கினேன்.

வியாழக்கிழமை கூட்டம் முடிகிற நேரத்தில் கட்ரீனா என்னிடம் கேட்டார்: "நீங்கள் நாளை அல் கோர் போகிறீர்களாமே? நானும் வரலாமா?"

வரலாம், ஆனால் அங்கே பார்க்க ஒன்றும் இல்லையே என்றேன். ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். இந்தக் கூட்டம் அவருக்கு ஒரு சாக்குதான்.

கட்ரீனாவின் ஊர் லூயிஸ் தீவில் ஒரு கடலோரக் கிராமம். அங்குள்ள தொடக்கப் பள்ளியில் கேலிக் வகுப்பு ஒன்று உண்டு. ஒன்பது பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி கட்ரீனாவின் மகள், எட்டு வயது. அரசு வகுப்பறை கட்டித் தந்துவிட்டது. புத்தகம் அச்சடித்தாகிவிட்டது, சம்பளம் ஒதுக்கியாகிவிட்டது, ஆசிரியர் குடியிருக்க வீடும் உண்டு. மூன்று முறை விளம்பரம் கொடுத்தும் ஆசிரியர்தான் இல்லை. முட்டி வலியோடு ஒப்பேற்றிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற அம்மாவும் இந்தக் கோடையோடு நிறுத்திக்கொள்கிறார். ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது ஆள் இல்லையென்றால் ஒன்பது பேரையும் ஆங்கில வகுப்பில் சேர்த்துவிடுவார்கள்.

"என் மகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சர் மோராக். எங்கள் தீவுக்காரிதான். மூன்று வருடம் முன்னால் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டாள். அல் கோரில் எரிவாயு நிறுவனப் பொறியாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேலை. நான்கு மின்னஞ்சல் போட்டேன். நான்குக்கும் நன்றி சொல்லி மறுத்துவிட்டாள். நேரில் கேட்டால் என்ன சொல்கிறாள் என்று பார்க்க வேண்டும்."

முந்தைய நாள் நான் பொறாமைப்பட்ட தொலைக்காட்சியும் ஆம்புலன்ஸும் எனக்கு மறந்து போயின. கட்டாயம் வாருங்கள் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினோம். சித்தி மகளின் கணவர் ஏற்பாடு செய்த வண்டி, ஓட்டியவர் கருப்பையா. புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம். வளைகுடாவுக்கு வந்து ஒன்பது வருடம். நான் முன் சீட்டில், கட்ரீனா பின் சீட்டில் பாடநூல் பெட்டியோடு.

நெடுஞ்சாலை ஏறியதும் நானும் கருப்பையாவும் பேச ஆரம்பித்தோம். ஊர், மழை, பிள்ளைகள் படிப்பு, அவர் தங்கச்சிக்குப் பார்த்த மாப்பிள்ளை. அவர் ரூமில் ஏழு பேராம். நேபாளி ரெண்டு, பெங்காலி ஒன்று, தெலுங்கு ஒன்று, நம்மாட்கள் மூன்று.

"டூட்டி முடிஞ்சு வந்து எல்லாரும் ஒரே நேரத்துல வீட்டுக்குப் போன் போடுவோங்கக்கா. ஏழு பேரும் ஏழு பக்கம் கத்துவோம். ஒருத்தன் பேசுறது இன்னொருத்தனுக்கு மாஃபி மாலூம், ஒண்ணும் புரியாது. ஆனா பக்கத்துல படுத்துக்கெடக்கவன் வீட்ல நல்ல சேதியா கெட்ட சேதியான்னு மட்டும் தெரிஞ்சுரும்."

பேச்சு சுவாரசியத்தில் வழியைக் கோட்டை விட்டோம். அல் கோருக்குப் பிரிய வேண்டிய இடத்தில் பிரியாமல் வண்டி நேராகப் போய் ராஸ் லஃபான் வாசலில் நின்றது. சுற்றிலும் வேலி. உள்ளே எரிவாயு ஆலைகளின் குழாய்க் காடு, தூரத்தில் தீ நாக்கு. காவலுக்கு நின்ற நேபாளி குனிந்து, "அண்ணே, பாஸ் எங்கே?" என்று இந்தியில் கேட்டார். எங்களிடம் பாஸ் இல்லை, பாடநூல்தான் இருந்தது.

"தப்பாயிருச்சுக்கா" என்று கருப்பையா தலையைச் சொறிந்தார். "ஏழு வருசம் இதே கேட்டுக்கு பஸ்ல ஆளுகள ஏத்திட்டு வந்த கை. கொஞ்சம் அசந்தா ஸ்டியரிங் தானா இங்கதான் வருது."

"உங்க கைக்குப் பெட்ரோல் யாரு போடுதா? பிள்ளைக காத்துக்கிட்டிருக்குமே!" என்று நான் சத்தம் போட்டேன். திரும்புவதற்கான வளைவு வெகு தூரத்தில் இருந்தது. அதுவரை நான் திட்டிக்கொண்டும் அவர் "கலாஸ்க்கா, முடிஞ்சுதுக்கா, வந்துட்டோம்க்கா" என்று சமாதானம் சொல்லிக்கொண்டும் வந்தோம். பின் சீட்டில் கட்ரீனா ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னல் வழியாக மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழ் வகுப்பு ஒரு வில்லாவின் கீழ்த்தளக் கூடத்தில் நடந்தது. வாசலில் செருப்புகள் மலையாகக் கிடந்தன. நடத்துகிறவர் சுகந்தி, யாழ்ப்பாணத்துக்காரர். வாரம் முழுக்க ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, வெள்ளிக்கிழமை இது.

"வாங்கோ அக்கா, வாங்கோ. பிள்ளையள் மூண்டு மணியில இருந்து வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கினம்" என்று பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினார்.

கயிற்றை அறுத்ததுதான் தாமதம். முப்பது பிள்ளைகள் பெட்டி மேல் விழுந்தார்கள். புத்தகத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள், அட்டையைத் தடவினார்கள், படம் எண்ணினார்கள். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்த இரண்டு அப்பாக்கள் ராஸ் லஃபான் சீருடையோடு தரையில் உட்கார்ந்து பெயர் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சிறுமி தன் தம்பியைப் பார்த்து ஆங்கிலத்தில் "என்னுடையதைத் தொடாதே" என்று கத்தினாள். சுகந்தி சட்டென்று போய்ப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"இங்க சண்டை பிடிக்கிறதெண்டால் தமிழில பிடிக்கோணும். தெரியுந்தானே?"

சிறுமி ஒரு கணம் யோசித்தாள். பிறகு அழகான தமிழில் தம்பியை ஒரு பிடி பிடித்தாள். புத்தகம் திரும்பக் கிடைத்தது. அந்த வகுப்பின் சட்டம் அதுதானாம். பாடத்தில் ஆங்கிலம் வந்தால் மன்னிப்பு உண்டு, சண்டையில் வந்தால் கிடையாது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் கட்ரீனா தன் கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

"இவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?" என்று கேட்டார்.

சுகந்தியிடம் கேட்டேன். "சம்பளமோ?" என்று சிரித்தார். "ஒருத்தரும் இல்லை. தேத்தண்ணி மட்டும் இந்த வீட்டுக்காரர் தருவினம். புத்தகம் உங்கட ஆக்கள் தந்திருக்கினம். அதுவே பெரிய உதவி அக்கா."

என் அலுவலகத்தை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரமான கோடவுனில், பூஞ்சை மணத்தோடு, நாங்கள் எண்ணிக் கட்டி அனுப்பும் புத்தகங்கள் இப்படி ஒரு கூடத்துக்குத்தான் வருகின்றன என்று முப்பது வருடத்தில் நான் நேரில் பார்த்ததில்லை. பெருமையை மறைக்கத் தெரியாதவள் நான். அந்தக் கூடத்தில் மறைக்க முயலவும் இல்லை.

மோராக் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த இடம் கடற்கரைச் சாலையில் ஒரு கரக் டீக்கடை. பிளாஸ்டிக் மேசைகள், கொதிக்கக் கொதிக்க ஏலக்காய் போட்ட டீ. பரோட்டாவுக்குள் பாலாடைக்கட்டி தடவி, மிளகாய் சிப்ஸை நொறுக்கிப் போட்டுச் சுருட்டித் தந்தார்கள். எங்கள் ஊர்ப் பரோட்டா மாஸ்டர் பார்த்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விடுவார். நான் இரண்டு சாப்பிட்டேன்.

தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், நாங்கள் அந்தப் பக்கம் உட்காருகிறோம் என்று கட்ரீனாவிடம் சொல்லிப் பார்த்தேன். "இல்லை, இருங்கள். நீங்கள் இருந்தால் எனக்குத் தைரியம்" என்றார். அப்படித்தான் நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம்.

மோராக் உயரமான பெண், முப்பத்திரண்டு முப்பத்து மூன்று இருக்கும். வெயில் பட்டு மூக்கு சிவந்திருந்தது. வந்ததும் கட்ரீனாவைக் கட்டிப்பிடித்தார். அப்போது இருவரும் ஏதோ ஒரு வார்த்தை தங்கள் மொழியில் சொல்லிக்கொண்டது காதில் விழுந்தது. எங்களைப் பார்த்ததும் மோராக் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். அதோடு பேச்சு முழுக்க ஆங்கிலத்துக்குப் போய்விட்டது.

கட்ரீனா சம்பளம் சொன்னார், வீடு சொன்னார், இடம் மாறும் செலவை அரசு ஏற்கும் என்றார். மோராக் தலையாட்டினார். மின்னஞ்சலில் படித்தேன், மிக்க நன்றி என்றார். இங்கே பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், சக ஆசிரியர்கள் அன்பானவர்கள் என்றார். கட்ரீனா வகுப்பறையின் புது ஜன்னல்களைப் பற்றிச் சொன்னார். மோராக் தீவின் வானிலை பற்றிக் கேட்டார். வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்கூட இதைவிட உருக்கமாக நடக்கும். ஒரே தீவில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர்! டீ ஆறிக்கொண்டிருந்தது. கட்ரீனாவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. வந்த காரியம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது அவருக்கும் தெரிந்தது.

"ஏன் தம்பி, ரெண்டு பேரும் ஒரே ஊருதானே? அவங்க பாஷையில பேசாம எதுக்கு இங்கிலீஷ்ல இழுத்துக்கிட்டிருக்காங்க?" என்று கருப்பையாவிடம் கேட்டேன், வழக்கம் போலத் தமிழில், வழக்கம் போலச் சத்தமாக.

"நமக்காகத்தான்க்கா" என்றார் கருப்பையா பரோட்டாவை மென்றபடி. "நாம ரெண்டு பேரு உக்காந்திருக்கோம்ல. நமக்குப் புரியாதுன்னு கூச்சப்படுறாங்க."

எனக்கு இது தோன்றவே இல்லை. தோன்றாததற்குக் காரணம், எனக்கு அந்தக் கூச்சம் பிறவியிலேயே கிடையாது. உடனே கட்ரீனாவிடம் ஆங்கிலத்தில் கேட்டேவிட்டேன்: "நாங்கள் இருப்பதாலா நீங்கள் இருவரும் கேலிக் பேசவில்லை?"

இரண்டு பேரும் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

"ஆமாம். அது மரியாதை இல்லையே" என்றார் கட்ரீனா.

மோராக்தான் விளக்கினார். அவர்கள் தீவில் இது எழுதாத சட்டமாம். கடையில் பத்துப் பேர் கேலிக் பேசிக்கொண்டிருப்பார்கள். தெரியாத ஒருவர் உள்ளே வந்தால் பத்துப் பேரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். "என் அம்மா வீட்டுக்குக் காப்பீட்டுக்காரர் வருவார். அவர் இருக்கிறவரை வீடே ஆங்கிலம் பேசும். நாயைக்கூட அம்மா ஆங்கிலத்தில்தான் திட்டுவாள். நாய்க்கு ஒன்றும் புரியாது."

நான் சிரித்தேன். மோராக் சிரிக்கவில்லை. கட்ரீனா பக்கம் திரும்பினார்.

"நான் ஏன் கிளம்பினேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சம்பளத்துக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டீர்கள். நம் பள்ளி ஆசிரியர் அறையில் எட்டுப் பேர். ஏழு பேருக்குக் கேலிக் தெரியும், ஒருவருக்குத் தெரியாது. அதனால் எட்டுப் பேரும் ஆங்கிலம். வாசலில் பெற்றோர்கள், அங்கேயும் அதே கதை. பலகையில் கேலிக் இருக்கிறது, தொலைக்காட்சியில் இருக்கிறது. ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை என் வாயில் இருந்தது. மணி அடித்ததும் நானும் ஆங்கிலத்துக்கு மாறினேன். பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை, கட்ரீனா. பெரியவர்கள் தங்களுக்குள் பேசாத மொழியை அவர்கள் ஏன் பேசப்போகிறார்கள்? எனக்கு அலுத்துவிட்டது."

கட்ரீனா வாரியத்தின் விளம்பரத் தாளை மடித்து மடித்து மிகச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "இங்கே பாருங்கள்" என்றேன். "இன்று மதியத்திலிருந்து உங்களைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு நானும் இவரும் தமிழிலேயே பேசினோம். வழி தவறினோம், சண்டை போட்டோம், சமாதானம் ஆனோம். ஒரு வார்த்தை உங்களுக்குச் சொன்னோமா? நாங்கள் மரியாதை தெரியாத ஆட்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மரியாதைக் குறைவை எங்களுக்குத் திருப்பிச் செய்யுங்கள். உங்கள் மொழியில் பேசுங்கள். எங்களுக்குப் புரிய வேண்டாம்."

கருப்பையா நான் சொன்னதில் பாதியைப் பிடித்துக்கொண்டு, கை இரண்டையும் விரித்துத் தன் ஆங்கிலத்தில் சேர்ந்துகொண்டார். "மேடம், நோ ப்ராப்ளம். யூ டாக். வீ டீ."

கட்ரீனா முதலில் ஆரம்பித்தார். தாழ்ந்த குரலில் இரண்டு வாக்கியம், அப்புறம் எங்களை ஒரு பார்வை. நான் வேண்டுமென்றே கடல் பக்கம் திரும்பிக்கொண்டு, தங்கச்சி மாப்பிள்ளை விஷயம் என்னவாயிற்று என்று கருப்பையாவைக் கேட்டேன். மோராக் பதில் சொல்லத் தொடங்கி, வார்த்தைக்குத் தடுமாறி, நின்று, மறுபடி தொடங்கினார். மூன்று வருடமாகப் பேசாத வாய் அல்லவா. ஐந்து நிமிடத்தில் இருவரும் வேறு ஆட்களாகிவிட்டார்கள். கை வீசினார்கள். ஒருவர் முடிக்கும் முன் மற்றவர் தொடங்கினார். கட்ரீனா ஒரு தடவை மேசையைத் தட்டினார். மோராக் அழுதார், அழுகையின் நடுவிலேயே எதற்கோ சிரித்தார். நான் அந்த மொழியில் ஒரு எழுத்து அறியேன். ஆனாலும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அரை மணி நேரம் கழித்து மோராக் எங்கள் பக்கம் திரும்பினார். "ஆரம்பித்து வைத்தது நீங்கள். அதனால் உங்களுக்குத் தெரிய வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஊருக்குத் திரும்ப அவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். பள்ளி வாசலிலும் ஆசிரியர் அறையிலும் கடையிலும், புதிதாக யார் வந்து நின்றாலும் சரி, கட்ரீனாவும் அவரும் தங்களுக்குள் ஆங்கிலத்துக்கு மாறக் கூடாது. வந்தவருக்குத் தேவையானதை அவரிடம் ஆங்கிலத்தில் சொல்லலாம். அப்புறம் திரும்பிவிட வேண்டும்.

"நான் எவ்வளவோ ஆணை தயாரித்திருக்கிறேன்" என்றார் கட்ரீனா. "இதற்கு ஆணை போட முடியாது. என் வாய்க்கு மட்டும்தான் நான் உறுதி சொல்ல முடியும். அதைச் சொல்லிவிட்டேன்."

அந்த உறுதிக்கு உடனே சோதனை வந்தது. கடற்கரையில் ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒருவர் மோராக்கைப் பார்த்துவிட்டு வியர்வையோடு எங்கள் மேசைக்கு வந்தார். மோராக்கின் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர், இங்கிலாந்துக்காரர், பெயர் பீட்டர். கட்ரீனா அப்போது மோராக்கிடம் கேலிக்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பீட்டரின் நிழல் மேசையில் விழுந்ததும் அந்த வாக்கியத்தின் பின்பாதி ஆங்கிலத்தில் வந்துவிட்டது. நாற்பது வருடப் பழக்கம். கருப்பையாவின் கை தானாக ராஸ் லஃபானுக்குத் திருப்பியதே, அதே கதைதான்.

மோராக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு கட்ரீனாவைப் பார்த்தார். கட்ரீனாவின் கழுத்து வரை சிவந்துவிட்டது. அந்த நான்கைந்து நொடியில் ஒன்பது பிள்ளைகளின் வகுப்பே தொங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கட்ரீனா மூச்சை இழுத்துவிட்டு, அதே வாக்கியத்தை முதலிலிருந்து கேலிக்கில் சொன்னார். முழுசாகச் சொன்னார்.

மோராக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பீட்டர், இவர் என் ஊர்க்காரர். ஆகஸ்டில் நான் ஊருக்குப் போகிறேன். அதைப் பற்றித்தான் எங்கள் மொழியில் பேசிக்கொண்டிருக்கிறோம். உட்கார், டீ சாப்பிடு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு கட்ரீனா பக்கம் திரும்பிக்கொண்டார். பீட்டர் கோபித்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பரோட்டா சொன்னார்.

திரும்பும்போது கட்ரீனா பின் சீட்டிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டார். அங்கே பள்ளி விட்டிருந்தது. பெட்டி இருந்த இடம் இப்போது காலி. போனை மடியில் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியைப் போட்டார். மகள் கேலிக்கில் ஏதோ கீச்சுக் குரலில் சொன்னாள். அந்த நேரம் பார்த்து, "ஏசிய கூட்டவாக்கா?" என்று கருப்பையா என்னைக் கேட்டார்.

மகளின் பேச்சு நின்றது. பிறகு ஆங்கிலத்தில், அடக்கமாக, "அம்மா, உன்கூட யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். எட்டு வயசிலேயே மரியாதை படிந்துவிட்டது.

கருப்பையா சட்டென்று வாயை மூடிக்கொண்டார். "நிறுத்தாதீங்க தம்பி, பேசுங்க" என்றேன். "ஏசியக் கூட்டுங்க, மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு உண்டா, அதைச் சொல்லுங்க." அவரும் சொந்த வீடு, கிணறு, அண்ணன் தம்பி தகராறு எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். எங்கள் தமிழ் அந்தப் போன் வழியாக லூயிஸ் தீவு வரை போயிருக்கும். அதற்கு நடுவே கட்ரீனா, குரலைத் தாழ்த்தாமல், கேலிக்கிலேயே மகளுக்குப் பதில் சொன்னார்.

மகள் மறுபடி தன் மொழியில் பேசினாள். கட்ரீனா அவளிடம் ஒரு நீளமான வாக்கியம் சொன்னார். அதில் 'மோராக்' என்ற பெயர் மட்டும் எனக்குப் பிடிபட்டது. போனில் ஒரு அலறல். யாரோ தடதடவென்று ஓடும் சத்தம், கதவு அடிக்கும் சத்தம், அந்தப் பெயரையும் இன்னும் என்னென்னவோ வார்த்தைகளையும் வீடு முழுக்கக் கத்திக்கொண்டு போகும் குரல். கட்ரீனா கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"புள்ள என்னக்கா சொல்லுது?" என்றார் கருப்பையா.

"எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியல தம்பி" என்றேன். முப்பது வருட அரசுச் சேவையில் ஒன்றும் புரியவில்லை என்று இத்தனை பெருமையாக நான் சொன்னதே இல்லை.